விமானத்தின் வாலில் ராசம்மா

ஹட்டனிலிருந்து நோர்வூட் வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குள் போனாலும், செத்துப்போன பெண்கள் எல்லாரும் ஒரே சேலையில்தான் சுவரில் தொங்குவார்கள். அரக்கு நிறப் பட்டு, பச்சைக் கரை, தோளில் ஒரு தங்கப் புரோச். அது எங்கள் ஸ்டூடியோச் சேலை. உண்மையில் சேலை என்று ஒன்று எங்களிடம் கிடையாது. எந்தக் காலத்திலோ எடுத்த யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில் கழுத்துக்குக் கீழே உள்ள பகுதி அது. அடையாள அட்டையில் இருக்கிற முகத்தை வெட்டி அதன் மேல் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் நீல வெளிச்சம் கொடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவோம். ஆம்பளைகளுக்குக் கறுப்புக் கோட்டும் டையும். உயிரோடு இருந்தவரை அரைக்கால்சட்டையோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், சுவரில் ஏறியதும் பேங்க் மனேஜர் ஆகிவிடுவார். யாரும் இதில் குறை சொன்னதில்லை. கேட்டு வருவதே அதைத்தான்.

இந்த வேலையைச் செய்கிறவன் திலக்ஷன். நான் அதே ஸ்டூடியோவில் முன்மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் பேசுவது, அழுகிறவர்களை உட்காரவைப்பது, படத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பது எல்லாம் என் பாடு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயம்தான் அவன் வீடு. அப்பா இல்லை. அம்மா ராசம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். முப்பதை எட்டப்போகிறான், இன்னும் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேச வராது. மவுஸைப் பிடித்தால் மட்டும் கை நடுங்காது.

படத்தை லேயர் லேயராக வைத்து வேலை செய்வான். லேயர் என்றால் பெரிய மந்திரம் இல்லை. சோறு கட்டுகிற, ஊடே தெரிகிற லஞ்ச் ஷீட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றை வரைந்து வைத்த மாதிரி. அடியில் முகம், அதன் மேல் சேலை, அதற்கும் மேல் நகை. மேலே இருப்பதை மறைத்தால் கீழே இருப்பது அப்படியே தெரியும். ஆனால் எங்கள் முதலாளி சிதம்பரநாதன் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு மூலப்படத்தை அழித்துவிட வேண்டும். ஒரு தடவை ஒரு மகள், பாதி வேலையில் திரையை எட்டிப்பார்த்து, கழுத்தில்லாமல் நின்ற தன் அம்மாவின் தலையைக் கண்டு மயங்கி விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

மழை பிடித்துவிட்டால் ஹட்டனில் படம் எடுக்க யார் வருவார்கள்? அந்த நேரங்களில் திலக்ஷன் விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பான். நிஜ விமானத்துக்கு இல்லை. உலகத்தில் சில பேர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறார்கள். விளையாட்டுதான், ஆனால் அவர்களிடம் போய் விளையாட்டு என்று சொல்லிவிடக் கூடாது. கடல் தாண்ட நிஜமாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் திரையில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஓட்டுகிற விமானங்களுக்கு மேல்தோல் வேண்டும். தையல்காரர் சட்டைத்துணியை வெட்டிப்போட்ட மாதிரி, இறக்கை ஒரு மூலையில், வால் ஒரு மூலையில், வயிறு தனியாக என்று ஒரு தட்டையான படம். அதன் மேல்தான் இவன் வேலை. அடி நிறம் ஒரு லேயர், தகட்டுக் கோடும் ஆணித்தலைகளும் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர், எல்லாவற்றுக்கும் மேலே அழுக்கு ஒரு லேயர்.

ஆமாம், அழுக்கு. எஞ்சினுக்குப் பின்னால் கரி, சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு, கதவுக்குக் கீழே மழைத்தண்ணீர் வழிந்த தடம். அழுக்கு இல்லாவிட்டால் விமானம் பொம்மை மாதிரி இருக்குமாம். திலக்ஷன் பூசுகிற அழுக்குக்கு அந்தக் கூட்டத்தில் பெரிய பெயர்.

"காலையில செத்தவங்க மூஞ்சியில ஒரு சுருக்கம் விடாம தொடைக்கிற. மத்தியானம் ஒக்காந்து பிளேனுக்கு அழுக்குப் பூசுற. ஒனக்கு மறை கழண்டு போச்சுடா" என்பேன். சிரித்துக்கொண்டே பூசுவான். இத்தனைக்கும் அவன் விமானத்தில் ஏறியதில்லை, கட்டுநாயக்கா ஏர்போர்ட் பக்கம்கூடப் போனதில்லை.

அந்தக் கூட்டத்தார் சேர்ந்து இல்லாத ஒரு விமானக் கம்பெனியையே நடத்துகிறார்கள். நோர்வேயில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், இந்தோனேசியாவில் ஒருவர் என்று ஆளுக்கொரு மூலை. போன வருஷம், ஆளாளுக்குத் தங்கள் ஊர் அடையாளத்தோடு ஒரு விமானத்தை வண்ணம் தீட்டுவது என்று பேசி முடிவெடுத்தார்கள். திலக்ஷன் விமானத்தின் உடம்பு முழுக்கத் தேயிலை நிரைகளை ஓடவிட்டான். வாலுக்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்த அம்மாவைப் போனில் ஒரு படம் எடுத்தான். முதுகில் கூடை, சேலைக்கு மேலே பழைய சட்டை, இடுப்பில் படங்கு, தலையில் துணி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: படங்கு என்பது செடி குத்தாமல், பனி நனைக்காமல் இருக்கப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த சாக்கு. ராசம்மாவின் படங்கில் கொழுந்துச் சாயமும் மண்ணும் ஏறி, அதற்கு முதலில் என்ன நிறம் இருந்தது என்று அவருக்கே மறந்திருக்கும்.

அந்தப் படத்தை வாலில் வைத்து எனக்குக் காட்டினான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு பக்கத்து வாலுக்கும் தனித்தனி லேயர் போட்டிருந்தான். அப்படியே திருப்பிப் போட்டால் மூக்குத்தி மற்றப் பக்கம் போய்விடும் என்றான். அவ்வளவு கவனம்.

முடித்ததை எனக்குக் காட்டவில்லை. ஏன் என்று பிற்பாடு அவனே சொன்னான். அனுப்பப் போகிற சமயத்தில் அந்தப் படங்கு அவன் கண்ணை உறுத்தியிருக்கிறது. நோர்வேக்காரனும் பிரேசில்காரனும் பார்ப்பார்களே, இது யார் என்று கேட்பார்களே, என்ன சொல்வது? சும்மா பார்க்கலாம் என்று சேலை லேயரை எடுத்து மேலே வைத்திருக்கிறான். பளிச்சென்று இருந்திருக்கிறது. பின்னால் நீல வெளிச்சம் கொடுத்திருக்கிறான். முகத்தைத் துடைத்திருக்கிறான். அவனுக்கு அது செத்தவர்கள் சேலை என்ற நினைப்பே வரவில்லை. தினமும் தொடுகிற ஒரு லேயர், அவ்வளவுதான். வேலை முடிந்த கையோடு, ஸ்டூடியோப் பழக்கத்தில், எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்தும் விட்டான். போனில் இருந்த மூலப்படத்தையும் அழித்துவிட்டான். இது மட்டும் பழக்கத்தால் இல்லை. யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்ற பயத்தால்.

விமானம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வாலில் இருக்கிற பெண் யார், உங்கள் ராணியா என்று ஒருவன் கேட்டிருக்கிறான். இவன், ஆமாம், எங்கள் பகுதியின் பழைய காலத்து ராணி என்று எழுதியிருக்கிறான்.

பெற்ற தாயை ஒரு வரியில் தள்ளிவைத்துவிட்டான் படுபாவி.

அடுத்து நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. திலக்ஷன் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டில் சுலக்ஷனா என்று ஒரு பிள்ளை ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் விமானத்தின் படத்தை எப்படியோ தேடிப் பிடித்து, வால் பகுதியை மட்டும் வெட்டி, 'எங்கள் ராசம்மா அத்தை' என்று எழுதி, இரண்டு பூவும் ஒரு கும்பிட்ட கையும் போட்டுப் போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். பெருமைதான் காரணம். றொசல்லையில் இருக்கிற ராசம்மாவின் தம்பி ஆண்டியப்பன் அதைப் பார்த்தார். அரக்குச் சேலை, பச்சைக் கரை, நீல வெளிச்சம், பூ, கும்பிட்ட கை. நம்ம பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

ஸ்டூடியோவுக்கு ஃபோன் வந்தபோது நான்தான் எடுத்தேன். "அக்கா எப்பம்மா செத்துச்சு? மாப்பிள்ள ஏன் எனக்குச் சொல்லல?" என்று அழுகை. நான் ஒன்றும் புரியாமல் திலக்ஷனிடம் கொடுத்தேன். அவன் முகம் வெளிறிவிட்டது. காலையில் உயிரோடு பார்த்துவிட்டு வந்த அம்மா. மலையில் வழுக்கி விழுந்திருப்பாரோ, குளவி கொட்டியிருக்குமோ என்று நாங்கள் எதையெதையோ நினைத்தோம். முதலாளி என்னையும் அவனோடு அனுப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லயத்து வாசலில் ஒரு பெஞ்சியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஆண்டியப்பன் கையில் ரோஜா மாலையோடு நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் பெஞ்சாதி மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த மதினி" என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டார். லயத்துச் சனம், யார் செத்தது என்று தெரியாமல், ஆனால் யாரோ செத்திருக்கிறார்கள் என்ற மரியாதையில், சேர்ந்து அழுதது. செத்தவர் உடம்பு எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் ராசம்மா மலையிலிருந்து இறங்கி வந்தார், கூடையும் படங்குமாக.

"என்னா கூட்டம்? யாருக்கு என்னா?" என்றார்.

ஆண்டியப்பன் மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அக்காளைக் கட்டிப்பிடித்தார். ஒப்பாரி நடுவில் அறுந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. திலக்ஷன் மட்டும் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குள் எல்லாம் புரிந்துவிட்டது.

ஆண்டியப்பன் போனைக் காட்டினார். ராசம்மா தூரமாக வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது வீரய்யாண்ணன் சம்சாரத்துக்குப் போட்ட சேலையில்ல? கந்தப்பன் அம்மாவுக்கும் இதத்தானே போட்டீங்க?" என்று மகனைப் பார்த்தார். "எனக்கு ஏன்டா தம்பி இப்பவே போட்ட?"

சுலக்ஷனா பதறிப்போய் அவனைக் காப்பாற்ற வந்தாள். "இல்ல அத்த, இது பிளேன். அண்ணன் ஒங்கள பிளேன்ல வரைஞ்சிருக்கு. பாருங்க, வெள்ளைக்காரங்க எல்லாம் என்னா எழுதியிருக்காங்கன்னு" என்று முழு விமானத்தையும் காட்டி, அடியில் இருந்த இங்கிலீஷை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். நல்ல பிள்ளை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ராணியா என்று கேட்டதையும் சொன்னாள். அண்ணன் ஆமாம் என்று எழுதியதையும் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே என்னமோ போலிருந்தது. குரல் இறங்கிவிட்டது.

ராசம்மா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "வந்தவங்களுக்கு டீ ஊத்தணும்" என்று சொல்லிவிட்டுப் படங்கோடேயே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். எல்லாருக்கும் பிளேன்டீ வந்தது. திலக்ஷனுக்கும் ஒரு கோப்பை வந்தது. அதை அவன் கையில் கொடுக்காமல், பக்கத்தில் இருந்த திட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாலையை என்ன செய்வது என்று ஒரு பெரிய பேச்சு நடந்தது. எழவுக்கு வாங்கின மாலையைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது. உயிரோடு இருக்கிறவருக்குப் போட முடியாது. திரும்ப எடுத்துப்போக ஆட்டோக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் திலக்ஷனே அதைத் தூக்கிக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர்க் கானில் விட்டுவிட்டு வந்தான். அத்தனை கண்ணும் அவன் முதுகில் இருந்தது. அன்றைக்கு அவன் நடந்த நடையை என்னால் மறக்க முடியவில்லை. பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

நான் கிளம்புகிற நேரம் ராசம்மா அவனிடம் ஒன்று மட்டும் கேட்டார். "யாருன்னு கேட்டா, எங்கம்மான்னு சொல்ல ஒனக்கு வாய் வரல இல்ல?"

அதற்குப் பிறகு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. ஸ்டூடியோவில் அவன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். அரக்குச் சேலை கேட்டு ஆள் வந்தால் வேர்த்துவிடும். ஒரு நாள் மழையில் கடை வெறிச்சோடிக் கிடந்தபோது, வாலை மாற்றப்போகிறேன் என்று விமானத்தைத் திறந்தான். சேலையை எடுத்துவிட்டால் அடியில் படங்கு தெரியும் என்று நம்பி உட்கார்ந்தவன், ஒரே லேயர் மட்டும் இருப்பதைப் பார்த்தான். சேலையை அழித்தான். அந்த இடம் வெறும் வெள்ளையாக நின்றது. அம்மாவுக்குத் தலை மட்டும் இருந்தது.

"அக்கா," என்றான். "அம்மா வேலைக்குப் போற உடுப்போட ஒரு படம்கூட எங்கிட்ட இல்லக்கா. இருந்த ஒண்ணையும் நான்தான் அழிச்சேன்."

"போய் எடுடா."

"எப்பிடிக்கா கேப்பேன்?"

"வாயால."

"நீங்களும் வாங்கக்கா" என்றான். போனேன். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

மலையில் பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கேலி தொடங்கிவிட்டது. "ராசம்மாக்கா, ஒங்களுக்குக் கருமாதி வைக்க மகன் வந்திருக்கு" என்று ஒருத்தி கத்தினாள். கணக்கப்பிள்ளை சிவசாமி தூரத்திலிருந்து என்ன ஏது என்று கேட்டார். படம் எடுக்க வந்தோம் என்றேன். "சுருக்க எடுத்துட்டுப் போங்க" என்றார்.

திலக்ஷன் போனைக் கையில் எடுத்தான். அதைப் பார்த்ததும் ராசம்மா, யாரும் ஒன்றும் சொல்லாமலே, கூடையை இறக்கிவைத்தார். படங்கை அவிழ்த்தார். அதைச் சுருட்டித் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளினார். தலைத்துணியை உருவி முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, நேராக வந்து நின்றார்.

"அம்மா," என்றான். "படங்கக் கட்டிக்கங்கம்மா. அதோடதான் எடுக்கணும்."

பறிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ராசம்மா அவனையே பார்த்தார்.

"இப்ப வெக்கமா இல்லியா ஒனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அந்த மடையன் நிலத்தைப் பார்த்து, "இருக்கும்மா" என்றான்.

ஆனால் ராசம்மாவுக்குக் கோபம் வரவில்லை. குனிந்து படங்கை வெளியே இழுத்தார். கட்டிக்கொண்டே பேசினார்.

"ஒன் பள்ளிக்கூடத்துல மீட்டிங்குன்னு வரச்சொல்லுவாங்கள்ல. மலையிலருந்து நேரா ஓடியாருவேன். கேட்டுக்கு முன்னாடி ஒரு பாலம் இருக்குமே, அதுக்கு அடியில கூடையையும் படங்கையும் ஒளிச்சு வெச்சிட்டு, கால் கழுவிட்டுத்தான் உள்ள வருவேன். ஒன் கூட்டாளிங்க பாத்தா ஒனக்குக் கேவலமாயிருமேன்னு. நான் செஞ்சதத்தானே நீயும் செஞ்சிருக்க. ஒன்னைய மட்டும் சொல்லி என்னா?"

"தெரியும்மா," என்றான் திலக்ஷன். "வகுப்பு ஜன்னல்லேருந்து அந்தப் பாலம் தெரியும். நீங்க அத ஒளிச்சு வைக்கிற வரைக்கும் எனக்கு உசுரு உசுராவே இருக்காது."

ராசம்மாவின் கை முடிச்சில் நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பிறகு முடிச்சை இறுக்கினார். கூடையை முதுகில் ஏற்றினார். தலைத்துணியைப் போட்டுக்கொண்டார்.

"எடு" என்றார்.

அவன் எடுத்தான். நாலைந்து எடுத்திருப்பான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் படங்களைக் காட்டினான். முகம் நன்றாக இருந்தது, கூடை இருந்தது, படங்கு அதன் கறையெல்லாம் காட்டிக்கொண்டு முன்னால் இருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் ராசம்மா இரண்டு கையையும் படங்கு மடிப்புக்குள் செருகிவைத்திருந்தார். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து வெடித்த விரல்கள். போன் தூக்கின நொடியில் அவற்றை உள்ளே விட்டிருக்கிறார்.

"கையை வெளிய எடுக்கச் சொல்லி இன்னொண்ணு எடுத்திருக்கலாமேடா."

"பாத்தேன்க்கா. கேக்க வாய் வரல" என்றான்.

இப்போது அந்தப் படம்தான் வாலில் இருக்கிறது. சேலை இல்லை, நீல வெளிச்சம் இல்லை, முகத்தில் ஒரு கோடு துடைக்கவில்லை. இது ராணி இல்லை, என் அம்மா ராசம்மா, கொழுந்து பறிக்கிறார், போன தடவை நான் பொய் சொன்னேன் என்று கீழே எழுதியும் விட்டான். வீட்டில் பேச்சு வந்துவிட்டது. கூட்டத்தார் நல்ல மாதிரியாகத்தான் பதில் போட்டிருக்கிறார்கள். அந்த நோர்வேக்காரர் மட்டும் ஒன்று கேட்டிருக்கிறார், உன் அம்மா அந்தத் துணிக்குள்ளே கையில் என்ன வைத்திருக்கிறார் என்று.

அதற்கு மட்டும் திலக்ஷன் இன்னும் பதில் எழுதவில்லை.